காணியும் கூலியும்: திருமுதுகுன்றன் என்னும் ஒரு கூத்தனை முன்னிட்டு

1. வினா

விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலின் கோபுர வாயிலைக் கடந்து செல்பவர் சற்றே நின்று இருமருங்கும் நிமிர்ந்து நோக்கினால், நாட்டிய சாஸ்திரம் விதித்த கரணங்களை ஆடிக்காட்டும் நங்கையரின் சிறு சிற்பங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்திருப்பதைக் காண்பார். சிதம்பரத்திலும் திருவண்ணாமலையிலும் உள்ளவற்றோடு சேர்த்து அறிஞர் எண்ணும் இச்சிற்பங்களில் எந்தக் கால் எங்கே வளைந்தது, எந்தக் கை எவ்வாறு நின்றது என்பனவெல்லாம் நுணுகி ஆராயப்பட்டுள்ளன. ஆயினும் அவ்வாறு ஆடியவர்கள் எதை உண்டு ஜீவித்தார்கள், அவர்களுக்கு நெல் அளந்தவர் யார், அவர்கள் ஓய்ந்தபின் அவர்தம் மக்கள் எவ்வாறு பிழைத்தார்கள் என்னும் வினா, கலையின் மகிமையைப் பேசும் நம் நூல்களில் பெரும்பாலும் ஓரத்திலேயே நின்றுவிட்டது.

இவ்வூரின் பழங்கதை ஒன்றும் கலைஞனுடைய ஊதியத்தைப் பற்றியதாகவே இருக்கிறது. திருமுதுகுன்றத்து இறைவனைப் பாடிய சுந்தரர் 12,000 பொன் பெற்றார் என்றும், அதை மணிமுத்தாற்றிலே இட்டுத் திருவாரூர்க் குளத்திலே எடுத்தார் என்றும், எடுத்த பொன்னை உரைத்துப் பார்க்கையில் மாற்றுக் குறைந்திருக்கக் கண்டு மீண்டும் பாட நேர்ந்தது என்றும் பெரியபுராணம் கூறும். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்று நாம் வேடிக்கையாகச் சொல்லும் வழக்கு இங்கிருந்து பிறந்தது. பக்தர்கள் இதில் இறைவனின் திருவிளையாடலைக் காண்கிறார்கள். அவ்வாறு காண்பதே முறை. பாடிச் சம்பாதித்த பொன் தன் கைக்கு வந்து சேருமா, வந்து சேர்ந்தால் மாற்றுக் குறையாமல் வருமா என்ற கவலை கலைஞனை எவ்வளவு பழங்காலந்தொட்டுத் தொடர்ந்து வந்திருக்கிறது என்பதையும் நான் அதில் காண்கிறேன்.

நாடகக் கலைஞரின் வீழ்ச்சிக்கு வழக்கமாக இரண்டு காரணங்கள் சொல்லப்படுகின்றன. மன்னரும் ஜமீன்தாரும் மறைந்ததால் ஆதரவு போயிற்று என்பது ஒன்று. சினிமா வந்ததால் கூட்டம் போயிற்று என்பது மற்றொன்று. இரண்டும் பொய்யல்ல. ஆனால் சினிமா வருவதற்கு முன்பே, அரங்கு நிரம்பிக் காசு குவிந்த நாளிலேயே, வறுமையில் மாண்ட நடிகர் பலர் உண்டு. மன்னர் மறைந்து நூற்றாண்டுகள் கடந்த பின்னும் கூத்துப் பார்க்கக் கூடும் ஜனத்திரளுக்குக் குறைவில்லாத கிராமங்கள் இவ்வூர் அடங்கிய நடுநாட்டில் உண்டு. ஆகவே ஊதியத்தின் அளவைக் காட்டிலும் அதன் வடிவத்தையே ஆராய வேண்டும் என்று எண்ணுகிறேன். அது பரம்பரைக் காணியாக வந்ததா, மாதச் சம்பளமாக வந்ததா, ஓர் இரவின் கூலியாக வந்ததா என்பதே கலைஞனின் முதுமையை நிர்ணயித்தது என்பதுதான் இக்கட்டுரை பரிசீலிக்கும் கருத்து.

2. கல்லில் எழுதிய ஜீவனம்

தஞ்சைப் பெரிய கோயிலில் இரண்டாம் இராஜேந்திர சோழனின் 6ஆம் ஆட்சியாண்டில் பொறிக்கப்பட்ட சாஸனம் ஒன்று, தமிழ் நாடக வரலாற்றை எழுதுவோர் அனைவரும் மேற்கோள் காட்டுவது. வைகாசிப் பெருவிழாவில் ராஜராஜேசுவர நாடகம் ஆடுவதற்காக, திருவாலன் திருமுதுகுன்றனான விஜயராஜேந்திர ஆசாரியன் என்னும் சாந்திக் கூத்தனுக்கும் அவன் வம்சத்தாருக்கும் நாளொன்றுக்கு ஒரு தூணி நெல் வீதம், ஆண்டுக்கு 120 கலம் நெல்லைக் காணியாக அளிக்க வேண்டும் என்று அது விதிக்கிறது. மூன்று தூணி ஒரு கலமாதலின், 360 நாளைக்கு 120 கலம் என்னும் கணக்குப் பிசகின்றிப் பொருந்துகிறது. அரசன் வாய்ச்சொல்லாகக் கிடைத்த வெறும் சன்மானமாக இதைக் கொள்ள இடமில்லை; கோயில் கணக்கர் அளந்து எழுதிய ஜீவிதம் இது.

இத்தொகை பெரிதா, சிறிதா? இதே கோயிலில் முதலாம் இராஜராஜன் தளிச்சேரிகளில் குடியேற்றிய 400 ஆடல் மகளிரைப் பற்றிய கல்வெட்டு, ஒருத்திக்கு ஒரு பங்காக ஆண்டுக்கு 100 கலம் நெல் விளைவிக்கும் நிலத்தையும், நட்டுவனுக்கு இரண்டு பங்கையும் விதிக்கிறது. அந்த அளவுகோலால் பார்த்தால், நாடகத் தலைவனான ஆசாரியன் ஓர் ஆடல்மகளைவிடச் சற்றே மிகுதியாகவும், ஒரு நட்டுவனைவிட மிகக் குறைவாகவும் பெற்றிருக்கிறான். தளிச்சேரிப் பெண்டிரின் கடமை ஆண்டு முழுவதற்கும் உரியது. இவன் கடமையாகக் கல்வெட்டு குறிப்பதோ வைகாசித் திருவிழாவின் நாடகம் ஒன்றே. ஆதலால் வேலையை நோக்க இது தாராளமான ஊதியமே என்று முதற்பார்வையில் தோன்றும்.

ஆனால் இங்கே ஒரு தடை எழுகிறது. நாடகத்தை ஒருவன் தனியே ஆட முடியாது. சாந்திக் கூத்தின் வகைகளுள் ஒன்றாகச் சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்கு நல்லார் நாடகத்தை வைத்து, அதைக் கதை தழுவி வரும் கூத்து என்று விளக்கியிருக்கிறார். கதை தழுவி வருமாயின் பாத்திரங்கள் பலர் வேண்டும். அவர்களுக்கு அந்த 120 கலத்திலிருந்தே பங்கு பிரிந்ததா? அன்றி, ஏற்கெனவே பங்கு பெற்று வந்த தளிச்சேரி மகளிரும் வாத்தியக்காரரும் தம் கடமையின் பகுதியாகவே இந்நாடகத்திலும் தோன்றினரா? முன்னது உண்மையாயின் பத்துப் பேர் கொண்ட குழுவில் ஒருவனுக்கு ஆண்டுக்கு 12 கலமே தேறும். பின்னது உண்மையாயின் ஆசாரியனுக்கு அது முழு நிறைவான காணி. நூற்றுக்கணக்கான ஆடல் மகளிரையும் இசைவாணரையும் தன் செலவிலே வைத்திருந்த ஒரு கோயில், விழாவுக்கென்று வேறொரு பெருங்குழுவை வெளியிலிருந்து வரவழைத்திருக்கும் என்று நம்புவது எளிதன்று. எனவே பின்னதையே நான் ஏற்கத் துணிகிறேன். எதுவாயினும் சாஸனத்தில் பெயர் ஏறியவன் ஒருவனே. அவனோடு ஆடியவர்கள், கோபுரத்துக் கரண நங்கையரைப் போலவே, பெயரின்றி நிற்கிறார்கள்.

நெல்லின் அளவைவிட முக்கியமானவை இரண்டு சொற்கள்: காணி என்பதும், வம்சத்தார் என்பதும். கூத்தன் நோயுற்றாலும் மூப்படைந்தாலும் இறந்தாலும் அளக்கும் மரக்கால் நிற்கவில்லை. தளிச்சேரிக் கல்வெட்டு இதை இன்னும் தெளிவாக்குகிறது: பங்கு பெற்றவர் இறப்பினும் அகலினும் அடுத்த முறையார் அப்பங்கைப் பெற்றுப் பணி செய்ய வேண்டும், அவர் தகுதியற்றவராயின் தகுதியுடைய வேறொருவரைக் கொண்டு செய்விக்க வேண்டும். உரிமையும் தகுதியும் இங்கே ஒரே விதியில் இணைக்கப்பட்டிருக்கின்றன. பிற்காலத்தில் எந்த நாடகக் கம்பெனியும் எந்த அரசாங்கத் திட்டமும் இவ்விரண்டையும் இவ்வளவு சுருக்கமாக இணைத்ததாக நான் அறியேன்.

3. பெயரும் ஊரும்

திருமுதுகுன்றம் என்பது விருத்தாசலத்தின் பழைய தமிழ்ப் பெயர். அப்பெயரைத் தாங்கிய கூத்தன் இவ்வூரைச் சேர்ந்தவனா என்ற வினா இவ்வூராருக்கு இயல்பாகவே எழும். சோழர் காலப் பெயர் வழக்கில் தந்தையின் பெயர் முன்னிற்குமாதலால், திருவாலன் என்பவன் தன் மகனுக்கு இத்தலத்து இறைவனின் பெயரை இட்டான் என்று கொள்வதே பொருத்தம். விஜயராஜேந்திரன் என்பது முதலாம் இராஜாதிராஜன் கொண்ட விருதுப் பெயர். அதைத் தன் பட்டமாகப் பெற்ற ஆசாரியன், சாஸனம் பொறிக்கப்படுவதற்கு முன்பே அரசவையில் மதிப்புப் பெற்றிருந்தவனாதல் வேண்டும். இவ்வளவுக்கு மேல் பெயரை மட்டும் கொண்டு ஊரை நிறுவ முனைவது அவசரம்.

இதற்கு அண்மைக்காலத்து உதாரணம் ஒன்று கைவசம் உண்டு. திருநெல்வேலித் தமிழையே தன் எழுத்தின் மூச்சாகக் கொண்ட புதுமைப்பித்தனின் இயற்பெயர் விருத்தாசலம். அவர் 1906இல் பிறந்தது திருப்பாதிரிப்புலியூரில். தந்தை சொக்கலிங்கம் பிள்ளை அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவர். எண்ணூறு ஆண்டுக்குப் பின் எவரேனும் பெயரை மட்டும் வைத்துப் புதுமைப்பித்தனை நடுநாட்டு எழுத்தாளர் என்று முடிவு கட்டினால் அது எவ்வளவு பிழையாகும்! ஆயினும் அப்பெயர் முற்றிலும் பொய்ச்சாட்சியும் அன்று; அக்குடும்பம் ஒரு காலத்தில் இம்மண்ணை அடுத்து வாழ்ந்ததை அது காட்டுகிறது. திருமுதுகுன்றனின் பெயரையும் அந்த அளவிலேயே, அதாவது இத்தலத்தோடு ஒரு தொடர்பின் சான்றாகவே, எடுத்துக்கொள்கிறேன்.

4. பனுவல் போயிற்று, நிலம் நின்றது

அதே திருப்பாதிரிப்புலியூரில், குலோத்துங்க சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, கன்னிவன புராணம், பூம்புலியூர் நாடகம் என்னும் இரு நூல்களின் பொருட்டு நிலம் வழங்கப்பட்டதைக் கூறுகிறது. விருத்தாசலத்தை உள்ளடக்கிய இன்றைய கடலூர் மாவட்டத்தில், நாடக நூல் ஒன்று நிலத்தை ஈட்டித் தந்ததற்கு நாம் காட்டக்கூடிய தொன்மையான சான்று இதுவே. அந்நாடகம் இன்று கிடைக்கவில்லை. ராஜராஜேசுவர நாடகமும் கிடைக்கவில்லை. பின்னது இராஜராஜன் கோயில் எடுத்த கதையைக் கூறியது என்று சிலரும், அக்கோயில் இறைவனின் புகழைக் கூறியது என்று சிலரும் கருதுவர். நூலின் பெயரைத் தவிர வேறு ஆதாரம் இல்லாத இவ்விவாதத்தில் எத்தரப்பையும் சார்வதற்கில்லை.

நெல்லளவு எஞ்சியது, நில எல்லை எஞ்சியது, எந்தச் சொற்களுக்காக அவை வழங்கப்பட்டனவோ அச்சொற்களில் ஒன்றுகூட எஞ்சவில்லை. காரணம் வெளிப்படையானதே. நிலத்தைக் கல்லில் எழுதினார்கள்; நாடகத்தை ஓலையில் எழுதினார்கள், அல்லது வாயாலேயே கற்பித்தார்கள். காணி பெற்ற வம்சம் உள்ளவரை நாடகம் அவர்கள் நாவில் இருந்திருக்கும். காணி கைமாறியபோது அதைப் பெயர்த்தெழுதி வைக்க எவருக்கும் அவசியம் இருந்திராது.

5. கம்பெனியும் ஸபாவும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் டிக்கெட் விற்கும் நாடகக் கம்பெனிகள் தோன்றியபோது ஊதியம் மாதச் சம்பளமாக மாறிற்று. அக்காலத்து இருவரை அருகருகே வைத்துப் பார்ப்பது நம் வினாவுக்கு மிகவும் பயன்படும்.

1867இல் தூத்துக்குடிச் சீமையின் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள், நடிகராகவும் ஆசிரியராகவும் கம்பெனி கம்பெனியாகச் சென்று, வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி முதலிய எத்தனையோ நாடகங்களை இயற்றினார். அபிமன்யு சுந்தரியை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று அவரிடம் சிறுவனாகப் பயின்ற தி.க. சண்முகம் தம் நாடக வாழ்க்கை நினைவுகளில் பதிவு செய்திருக்கிறார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்வ பால ஸபையை அமைத்து, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர், இறுதிக் காலத்தில் பக்கவாதத்தால் பீடிக்கப்பட்டு, 1922ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் தேதி புதுச்சேரியில் காலமானார். இன்றும் மதுரை, புதுக்கோட்டைப் பக்கங்களில் ஸ்பெஷல் நாடகம் நடத்துவோர் அவர் பாட்டையும் வசனத்தையும் கொண்டே பிழைக்கிறார்கள். அவரைக் குருவென்று கும்பிட்டே மேடை ஏறுகிறார்கள். அவருக்கு அதிலிருந்து சேர்ந்தது அந்தக் கும்பிடு ஒன்றுதான்.

பம்மல் சம்பந்த முதலியார் 1873இல் சென்னையில் பிறந்தவர். 1891இல் நண்பர்களோடு சுகுண விலாஸ ஸபையை நிறுவினார். வக்கீலாகத் தொழில் நடத்தி, பின்னர் ஸ்மால் காஸ் கோர்ட்டு நீதிபதியாகவும் அமர்ந்தார். மேடை அவருக்குச் சோறு போட வேண்டிய நிர்ப்பந்தம் ஒருநாளும் இருந்ததில்லை. அவர் தம் நாடகங்களை அச்சிட்டார். தம் நாடகத்தை ஆடுவோர் அனுமதி பெற வேண்டும், அதற்குரிய கட்டணம் செலுத்த வேண்டும் என்று வலியுறுத்தினார். 1959இல் பத்மபூஷண் விருது பெற்று, 1964இல் நிறைவாழ்வு வாழ்ந்து மறைந்தார்.

இவ்விருவரின் கதியிலுள்ள வேற்றுமையைத் திறமையின் வேற்றுமை என்று எவரும் சொல்லத் துணியார். வறியவர் செல்வந்தர் என்னும் பிறப்பு வேற்றுமை ஒரு பகுதிக் காரணம். எனினும் மிகுதிக் காரணம், முதலியார் தம் எழுத்தைச் சொத்தாகக் கருதினார், சுவாமிகள் அதைப் பாடமாகக் கருதினார் என்பதே. பாடம் சொல்பவருக்குச் சொல்லிக்கொடுக்கும் நாள்வரைதான் சம்பளம். பழைய காணி முறையில் ஆசானின் உரிமை அவன் வம்சத்தாருக்குச் சென்றிருக்கும். துறவியைப் போல் வாழ்ந்த சுவாமிகளுக்கோ சந்ததியும் இல்லை, காணியும் இல்லை.

நடிகர்களின் கதை இன்னும் சடுதியில் உயர்ந்து இன்னும் சடுதியில் தாழ்வது. பெண்களையே கொண்ட கம்பெனி நடத்திய கும்பகோணம் பாலாமணி அம்மாளின் நாடகத்துக்கு ஜனங்கள் ரயிலேறி வந்தார்கள் என்று அக்காலத்தார் எழுதினர். அவருடைய முதுமை மதுரையில் வறுமையோடு கழிந்தது. தேசியப் பாடல்களை மேடையில் பாடிப் பலமுறை சிறை சென்ற விசுவநாத தாஸ், 1940ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் தேதி சென்னையில் வள்ளி திருமண நாடகத்தில் முருகன் வேடத்திலேயே உயிர் துறந்தார். 27 வயதில் மறைந்த எஸ்.ஜி. கிட்டப்பாவின் துணைவியார் கே.பி. சுந்தராம்பாள் மட்டும், 1935இல் வெளிவந்த பக்த நந்தனார் படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் பெற்றார் என்பது பிரசித்தம். அந்த ஒரு லட்சம் சினிமா தந்தது, மேடை தந்ததன்று. திரையுலகு நாடகத்தைக் கெடுத்தது என்று அலுத்துக்கொள்பவர்கள், ஒரு நாடகக் கலைஞர் தம் முதுமையைக் கௌரவமாகக் கழிக்க அதுவே வழி செய்தது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

6. பங்கு பிரிக்கும் விடியல்

இனி விருத்தாசலத்துக்கே திரும்புவோம். இன்று வெளியூரார் இவ்வூரைப் பீங்கானால் அறிவர். நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே படிந்திருக்கும் வெண்களிமண்ணை அடுத்து வளர்ந்த பட்டறைகளில் கொலு பொம்மையும் அகல் விளக்கும் மின்சாரப் பியூஸ் கட்டையும் செய்கிறார்கள். பாரிஸ் சாந்து அச்சில் களிமண் குழம்பை ஊற்றி, இறுகியதும் அச்சைப் பிரித்து, பிசிறு சீவி, காய வைத்துச் சூளைக்கு அனுப்புகிறார்கள்.

சுற்றியுள்ள கிராமங்களில் திரௌபதியம்மன் கோயில் விழாக்கள் தொடங்கிவிட்டால், பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்தும் நடக்கும். அத்தகைய ஓரிரவு, வேஷம் அணிவிக்கும் கொட்டகையின் ஓரத்தில் எனக்கு உட்கார நேர்ந்தது. துரியோதனன் வேஷக்காரர் அரிதாரம் பூசக் கண்ணாடியை நெருங்கியபோது, அவருடைய நகக்கண்ணிலே வெளுத்த களிமண் இன்னும் போகாமல் இருந்தது. பகலில் பீங்கான் பட்டறையில் அச்சு ஊற்றுகிறவர் அவர். கட்டைக் கிரீடத்தையும் புஜக்கீர்த்தியையும் ஏற்றியபின் அந்த மெலிந்த மனிதரைக் காணவில்லை. திரைக்குப் பின்னால் இருந்து அவர் குரல் எழுந்ததும் முன்வரிசைக் குழந்தைகள் தாயின் மடியில் ஒடுங்கினார்கள்.

விடிந்ததும் வாத்தியார் ஒரு பாயில் அமர்ந்து பணத்தைப் பிரித்தார். தேர்ந்த வேஷத்துக்கு ஒரு பங்கு, பழகும் பிள்ளைக்கு அரைப்பங்கு, உடையும் நகையும் வைத்திருக்கும் பெட்டிக்கு ஒரு பங்கு. பங்கு என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குத் தளிச்சேரிக் கல்வெட்டு நினைவுக்கு வந்தது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு கடந்தும் சொல் மாறவில்லை. ஆனால் அச்சொல்லின் அடியிலே கிடந்த நிலம் எங்கோ போய்விட்டது. அன்றைய பங்கு ஓர் ஆண்டுக்கும் ஒரு பரம்பரைக்கும் உரியது. இன்றைய பங்கு ஓர் இரவுக்கு உரியது. மழை வந்தால் அதுவும் இல்லை.

நிலத்தைச் சேவையிலிருந்து பிரித்துக் கலைஞருக்கே உரிமையாக்கிய ஒரு சட்டம் நம் நாட்டில் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1929இல் வந்த திருத்தம், கோயிற்பணி செய்த மகளிரின் மானிய நிலங்களை அப்பணியின் நிபந்தனையிலிருந்து விடுவித்தது. 1947ஆம் ஆண்டுச் சட்டம் பொட்டுக் கட்டும் வழக்கத்தையே தடுத்தது. ஆனால் மானியம் எதுவும் இன்றி, ஊர்த் தேவதைக்குப் பொட்டுக் கட்டி விடப்பட்டு, கூத்தே கதியாக அலைந்த ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களுக்கு விடுவிப்பதற்கு நிலம் ஏது? இவ்வட்டாரத்தவரான இமையம் 2006இல் எழுதிய ‘செடல்’ நாவல், செல்லியம்மனுக்கு நேர்ந்துவிடப்பட்ட அத்தகைய ஒரு பெண் கூத்தாடியாகும் வாழ்வைக் கூறுகிறது. நாவலைச் சாஸனம்போல் சான்றாகக் கொள்ளல் முறையன்று எனினும், கல்வெட்டும் ஸபாக் குறிப்பும் எட்டாத ஒரு வர்க்கத்தைப் பற்றி நாம் பெற்றுள்ள விரிவான சித்திரம் அதுவே. அதை வரலாற்றாசிரியர்கள் புறக்கணிப்பது நியாயமன்று.

அரசாங்கம் 2007இல் நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியத்தை அமைத்தது. நலிந்த கலைஞருக்கு மாதம் 3,000 ரூபாய் உதவித்தொகையும் வழங்கப்படுகிறது. இதனைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. அத்தொகையில் மருந்து வாங்கும் முதியவர்களை நான் அறிவேன். எனினும் அது பெறுபவரோடு முடிந்துபோவது. வயதும் நலிவும் கலைஞன் என்பதும் காகிதத்தால் மெய்ப்பிக்கப்பட வேண்டும். ஊர் ஊராக இரவில் ஆடி விடியலில் கலைந்துபோகும் கூத்துச் செட்டில் காகிதம் எவரிடம் இருக்கும்?

அன்று காலை பங்கு வாங்கிய பின், துரியோதனன் வேஷக்காரர் முகத்தை எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டு, பெட்டியின் அடியிலிருந்து நீண்ட கணக்கு நோட்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். பதினெட்டாம் போர்க் கூத்து முழுவதும் அதில் மைப்பேனாவால் எழுதப்பட்டிருந்தது. சில பக்கங்களில் வியர்வை பட்டு எழுத்து கரைந்திருந்தது. தம் வாத்தியாரின் நோட்டைப் பார்த்து எழுதியது என்றார்; அவர் வாத்தியாரோ தம் தகப்பனாரின் நோட்டைப் பார்த்து எழுதியவராம். முதற்பக்கத்தில் பிள்ளையார் சுழி இருந்தது. அதன்கீழே எழுதி முடித்த தேதியும், எழுதியவர் என்ற இடத்தில் பட்டறைத் தொழிலாளியான அவர் பெயரும் இருந்தன. இயற்றியவர் யார் என்று கேட்டேன். அவர் நோட்டை மூடித் துணியில் சுற்றிக்கொண்டே, “அது எங்களுக்கு முந்தியே இருக்குதுங்க” என்றார். எட்டு மணிக்குப் பட்டறையில் இருக்க வேண்டுமென்று சொல்லிவிட்டு, விருத்தாசலம் போகும் முதல் பஸ்ஸுக்கு விரைந்தார்.